சொல் விளக்கம்: ரீல்ஸ்

மழைக்காலம் வந்து டெங்கு பேச்சு எழுந்தால், வடசென்னையின் காசிமேடு, தண்டையார்பேட்டை வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு வகை ரீல்ஸ், அதாவது குட்டி வீடியோக்கள், சுற்றும். ஒன்று சுகாதாரத் துறை எடுத்தது. இன்னொன்று, யாரோ ஒருவர் காரில் உட்கார்ந்துகொண்டு மூச்சு விடாமல் பேசுவது. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான்.

பழைய ஆங்கிலத்தில் ‘ரீல்’ என்பது நூல் சுற்றும் கருவி. சினிமா வந்தபின் படச்சுருளுக்கும் அதே பெயர். 35 மி.மீ. படத்தில் ஒரு ரீல் ஆயிரம் அடி, ஓட்டினால் சுமார் 11 நிமிடம். 1948இல் தொடங்கிய, மத்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷனின் செய்திப் படங்களையும் விளக்கப் படங்களையும் தியேட்டர்கள் மெயின் படத்துக்கு முன் கட்டாயம் போட வேண்டியிருந்தது. ஆக, அரசு ரீல் காட்டுவது புதிதல்ல. நீளம்தான் அரை நிமிடமாகிவிட்டது.

இன்றைய பொருள் கொரோனாவோடு வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2020 பிப்ரவரியில் டிக்டாக்கில் கணக்குத் தொடங்கியது. ஜூன் கடைசியில் இந்தியா டிக்டாக்கைத் தடை செய்ய, ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இங்கே வந்தது. ராயபுரம் மண்டலத்தில் தொற்று உச்சத்தில் இருந்து கொஞ்சம் அடங்கத் தொடங்கிய சமயம் அது. ஆங்கிலத்தில் பன்மை, நாமோ ‘ஒரு ரீல்ஸ்’ என்கிறோம். போகட்டும்.

சிக்கல் வேறு இடத்தில். ‘ரீல் விடாதே’ என்றால் நம்மூரில் பொய் சொல்லாதே என்று பொருள். நோய் பற்றிய அறிவிப்பை இந்தப் பெயரில் வெளியிட்டால், “இதுவும் ரீலா?” என்று யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள்.

தமிழில் ‘சுருள்’ என்று நேராகப் போட்டால் யாருக்கும் விளங்காது. ‘குறும்படம்’ கதைப் படத்துக்குப் போய்விட்டது. ‘குறுங்காணொளி’ பொருந்தும். குறுஞ்செய்தியை ஏற்றுக்கொண்ட நாக்குக்கு இது கஷ்டமில்லை: குறுமையின் ‘மை’ போய், அடுத்த எழுத்துக்கு இனமான மெல்லெழுத்து வந்து சேர்கிறது. ‘காணொலி’ என்று எழுதுவோரும் உண்டு. காட்சியும் ஒலியும் சேர்ந்தது என்பது அவர்கள் வாதம். ளகரம்தான் பரவலாகிவிட்டது.

நல்ல குறுங்காணொளிக்கு ஒரே வேலை போதும். வீட்டில் தண்ணீர் பிடித்து வைக்கும் நீல டிரம்மை எடுத்துக்கொள்வோம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, உள்சுவரில் முட்டையிடும். கரித்தூள் ஒட்டியது போலத்தான் தெரியும். தண்ணீரைக் கொட்டினாலும் அது போகாது. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். அதனால் தேங்காய் நாரால் உள்பக்கத்தை அழுத்தித் தேய்க்க வேண்டும். ‘நீர்த் தேக்கத்தைத் தவிர்ப்பீர்’ என்ற நோட்டீஸ் இதைச் சொல்லாது. தேய்க்கும் கையைப் பக்கத்தில் காட்டினால் இருபது விநாடியில் புரிந்துவிடும். ஷேர் ஆட்டோவில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்களுக்காகத் திரையில் எழுத்தும் வேண்டும்.

பேச்சில் ரீல்ஸ் இருக்கட்டும், யாரும் தடுக்கப்போவதில்லை. துறையின் அறிவிப்புகளில் மட்டும் குறுங்காணொளி என்று எழுதலாம். அப்புறம், தேதியையும் துறையின் பெயரையும் படத்துக்குள்ளேயே போட்டுவிட வேண்டும். ஃபார்வர்டு ஆகும்போது மேலே எழுதிய குறிப்பு கழன்றுவிடும். போன வருஷத்து எச்சரிக்கை இந்த வருஷத்துச் செய்தியாகத் தெருவைச் சுற்றி வரும்.