மூன்றாவது மாடிக்கு எந்த நாய்?

ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் இந்தக் கேள்வி அதிகம் வரும். "டாக்டர், ஃப்ளாட்டுக்குக் குடி போயிட்டோம். ரெண்டு பெட்ரூம்தான். சின்ன நாயா ஏதாவது சொல்லுங்க."

புதுச்சேரி லாஸ்பேட்டைப் பக்கம் கிளினிக் வைத்திருக்கிறேன். பதில் சொல்வதற்கு முன் நான் மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேட்பேன். எத்தனையாவது மாடி? லிஃப்ட் உண்டா? மதியம் பன்னிரண்டிலிருந்து நான்கு வரை வீட்டில் யார் இருப்பார்கள்? வீடு எத்தனை சதுர அடி என்று கேட்பதே இல்லை. வந்தவர்களுக்கு அது ஏமாற்றம்தான்.

வளர்ந்த நாய் ஒரு நாளில் பாதிப் பொழுதைத் தூங்கியே கழித்துவிடும். அதற்கு ஒரு பாய் அகல இடம் போதும். மீதிப் பொழுதில் அதை யார் வெளியே கூட்டிப் போவது, எந்த நேரத்தில், எந்த வெயிலில் என்பதில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. சின்ன வீட்டுக்குச் சின்ன நாய் என்ற கணக்கு இங்கேதான் இடறுகிறது.

முதலில் வெயில். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கும்போது வாயிலும் மூச்சுப் பாதையிலும் உள்ள ஈரம் ஆவியாகும். சூடு தணிவது பெரும்பாலும் அதில்தான். கடற்கரை ஊரில் காற்றே ஈரமாக இருக்கும்போது அந்த வேலை சரியாக நடக்காது. உள்மாவட்டத்தில் சுள்ளென்று காயும் வெயிலைச் சமாளிக்கிற நாய்கூட, இங்கே காற்று அசையாத ஒரு மே மாத மதியத்தில் திணறிப்போகும். நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 105-ஐத் தாண்டினால் அவசரம்.

இந்த இடத்தில் பக் நாயைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். 2003 வாக்கில் ஒரு செல்போன் விளம்பரத்தில் சிறுவன் ஒருவன் பின்னாலேயே ஓடி வந்த நாயைப் பலருக்கு நினைவிருக்கும். ஃப்ளாட்டுக்கு நாய் என்றாலே இன்னும் அந்த முகம்தான் பலர் மனதில் வருகிறது. ஏழெட்டுக் கிலோ எடை, அதிகம் குரைக்காது, குழந்தைகளோடு நன்றாகப் பழகும். எல்லாம் உண்மை. ஆனால் அந்தத் தட்டை முகம்தான் அதன் வியாதி. அழகுக்காக மண்டையோட்டைத் தலைமுறை தலைமுறையாகச் சுருக்கினார்கள். உள்ளே இருக்கிற சதை அதே அளவுக்குச் சுருங்கவில்லை. மூக்குத் துவாரம் வெறும் கோடு மாதிரி இருக்கும். மேலண்ணத்தின் சதை நீண்டு மூச்சுப் பாதையை மறிக்கும். தூங்கும்போது அது விடுகிற குறட்டையை வீடியோ எடுத்து வந்து காட்டுவார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

சில வருடங்களுக்கு முன் ஓர் ஏப்ரல் மாதம், ரெட்டியார்பாளையத்திலிருந்து ஒரு பக்கைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். வீட்டில் ஏசி உண்டு. அன்று மதியம் கரண்ட் போய் ஒன்றரை மணி நேரம் வரவில்லை. கணவன், மனைவி இருவரும் வேலையில். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. பள்ளி விட்டு வந்த பையன்தான் பார்த்திருக்கிறான். தெர்மாமீட்டர் 107 காட்டியது. இரண்டு நாள் போராடிப் பிழைத்தது. எல்லா நாயும் அப்படிப் பிழைப்பதில்லை. இப்படி நேர்ந்தால் முதலில் குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவரிடம் கொண்டுவாருங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி மூடி வைக்காதீர்கள். சூடு உள்ளேயே தங்கிவிடும். ஷிட்ஸு, பிரெஞ்சு புல்டாக் எல்லாமே இந்தத் தட்டை மூக்குக் குடும்பம்தான். பகலில் ஆள் இருக்கிற வீடு, கரண்ட் போனால் ஜன்னலைத் திறக்க ஒரு கை என்றால் வைத்துக்கொள்ளலாம். கழுத்துப்பட்டைக்குப் பதில் மார்பில் கட்டுகிற பட்டை வாங்குங்கள்.

ஹஸ்கி வாங்கப்போகிறேன் என்று வருபவர்களிடம் நான் சண்டையே போடுவேன். "ரூமுக்கு ஏசி போட்டிருக்கோம் டாக்டர்" என்பார்கள். சரி, குளிர் கிடைத்துவிடும். ஓட்டம்? பனியில் மைல் கணக்கில் வண்டி இழுப்பதற்கென்றே வளர்த்தெடுத்த இனம் அது. அதை இருபது மணி நேரம் பன்னிரண்டுக்குப் பத்து அறையில் பூட்டினால் சோபாவைத் தின்னும், கதவைப் பிறாண்டும், ஓநாய் மாதிரி ஊளையிடும். வெயிலுக்கு நல்லது என்று முடியை ஒட்டச் சிரைத்துக் கூட்டி வருகிறவர்களும் உண்டு. மேலே ஒன்று, உள்ளே ஒன்று என்று இரண்டு அடுக்காக வளர்கிற அந்த முடி வெயில் நேராகத் தோலில் படாமல் தடுக்கிற கவசமும்கூட. சிரைத்தால் சில நாய்களுக்குத் திரும்ப ஒழுங்காக வளர்வதே இல்லை.

லேப்ரடார் விஷயத்தில் எனக்கே ஒரு தடுமாற்றம் உண்டு. குணத்தில் அதை அடிக்க ஆளில்லை. குழந்தை வாலைப் பிடித்து இழுத்தாலும் பொறுத்துப்போகும் நாய்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். முதல் இரண்டு மூன்று வருடம் காலையும் மாலையும் ஓடவிட்டால் அப்புறம் வீட்டுக்குள் சாதுவாகக் கிடக்கும். பிரச்சினை கடைசி மூன்று வருடத்தில் வரும். நம் ஊரில் கீழே வண்டி நிறுத்தும் இடம், மேலே மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது என்று கட்டிய கட்டடங்கள் நிறைய. முதலியார்பேட்டையில் அப்படி ஒரு வீட்டில் பதினொரு வயது லேப், 38 கிலோ, இடுப்பு மூட்டு தேய்ந்து படியிறங்க முடியவில்லை. காலை, மாலை, இரவு என்று மூன்று வேளையும் அதைப் போர்வையில் கிடத்தி அப்பாவும் மகனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினார்கள். மகன் வேலைக்குச் சென்னை போனபின் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கை கொடுத்தார். கிட்டத்தட்ட எட்டு மாதம். அந்த அப்பாவுக்கு அப்போது அறுபத்தி இரண்டு வயது. குட்டி வாங்கும்போது இதை யாரும் நினைப்பதில்லை. நானும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் மாடியை முதல் கேள்வியாக வைத்துக்கொண்டேன்.

வழவழ டைல்ஸ் தரையும் சேர்ந்துகொள்ளும். வளர்கிற குட்டி அதில் சறுக்கிச் சறுக்கி நடந்தால் ஏற்கெனவே பலவீனமான இடுப்பு இன்னும் கெடும். அது நடமாடுகிற வழியில் ரப்பர் பாயோ பழைய ஜமுக்காளமோ விரித்துவிடுங்கள், செலவில்லாத வைத்தியம். டாஷ்ஹண்ட் வைத்திருப்பவர்களுக்கும் மாடிப்படி எதிரிதான்; நீண்ட முதுகு, குட்டைக் கால், முதுகுத்தண்டின் வட்டு பிதுங்கினால் பின்கால்கள் இரண்டும் விழுந்துவிடும்.

சத்தத்துக்கு வருவோம், அசோசியேஷன் சண்டையில் முக்கால்வாசி இதில்தான் தொடங்கும். பீகிள் பார்க்கப் பொம்மை மாதிரி இருக்கும். கூட்டமாக முயல் வேட்டைக்குப் போன இனம் என்பதால் தொண்டை நீளம். தனியாக விட்டால் தெருமுனை வரை கேட்கும். நாம் பொமரேனியன் என்று கூப்பிடுகிற வெள்ளை நாய் பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ். நம் ஊர்ச் சூழலுக்குப் பழகியது, அதிகம் சாப்பிடாது, பதினான்கு வருடம்கூட வாழும். எனக்கு மிகவும் பிடித்த ஃப்ளாட் நாய் அது. ஆனால் லிஃப்ட் கதவு திறந்தால் குரைக்கும், பால்காரர் வந்தால் குரைக்கும், ஒன்றுமில்லாவிட்டாலும் குரைக்கும். குட்டியிலிருந்தே ஆட்களையும் சத்தங்களையும் பழக்கினால் பாதி அடங்கும்.

நாட்டு இனம் வேண்டும் என்று கேட்பவர்கள் 2020-க்குப் பிறகு கூடிவிட்டார்கள். அந்த ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசியிருந்தார். பெருமைதான். ஆனால் கன்னியும் சிப்பிப்பாறையும் கரிசல் காட்டில் முயலைத் துரத்திய நாய்கள், ராஜபாளையம் காவல் நாய். நாள்தோறும் ஓட ஒரு மைதானம் கிடைக்காதவர்கள் இவற்றைக் கொண்டுவந்து பால்கனி கம்பியில் கட்டிப்போடுவதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும். தெருவில் பிறக்கிற சாதாரண நாட்டு நாய் வேறு கதை. பதினைந்து, இருபது கிலோ, ஒட்டிய முடி, நீண்ட மூக்கு, இந்தப் புழுக்கத்திலேயே பிறந்து வளர்ந்த உடம்பு. குட்டியாக எடுத்து மனிதர்களோடு பழக்கிவிட்டால் காலையும் மாலையும் அரை மணி நடை போதும் பலவற்றுக்கு. என்னிடம் கேட்டால் இதைத்தான் சொல்வேன். கேட்பவர்களில் பத்தில் இரண்டு பேர் ஒப்புக்கொண்டால் அதிகம்.

மழையையும் யோசிக்க வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது தெருவெல்லாம் தண்ணீர். வெளியே மட்டுமே போகப் பழகிய நாய்கள் ஒரு நாள் முழுக்க அடக்கிக்கொண்டு கிடந்ததாகப் போன் மேல் போன். பால்கனி மூலையில் ஒரு தட்டில் செயற்கைப் புல் வைத்து முன்பே பழக்கிவிடுங்கள். தேங்கிய தண்ணீரில் நடத்தாதீர்கள், எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நாயிடமிருந்து நமக்கும் வரலாம். "மூணாவது மாடியில உண்ணி எப்படி வரும்?" என்று கேட்பவர்களுக்கு: ஒரு தடவை நடைக்குப் போய் வரும்போது ஏறிக்கொள்கிற பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். இடுவது நாயின் மேல் இல்லை, உங்கள் சுவர் விரிசலில். அடர்ந்த முடியுள்ள நாய் என்றால் கண்டுபிடிப்பதற்குள் உண்ணிக் காய்ச்சல் வந்து ரத்த அணுக்கள் இறங்கியிருக்கும்.

அசோசியேஷன் தடுக்குமா என்ற பயத்திலேயே திருட்டுத்தனமாக வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, தீர்மானம் போட்டுக்கூட வளர்ப்பு நாயைக் குடியிருப்பில் தடை செய்ய முடியாது. லிஃப்டில் ஏற்றக் கூடாது என்றும் சொல்ல முடியாது. அதே சமயம் மாடிப்படியில் போன கழிவை அள்ளவேண்டியது உங்கள் வேலை, வாட்ச்மேன் வேலை இல்லை. வருடாவருடம் போடுகிற ரேபீஸ் ஊசிச் சீட்டைக் கையில் வைத்திருந்தால் பாதிச் சண்டை அங்கேயே முடியும்.

விலைக்கு வாங்குவதாக இருந்தால் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை வாங்காதீர்கள். 2017-ஆம் வருட விதிகளின்படி அதை விற்பதே குற்றம். நாற்பது நாள் குட்டியைப் பிஸ்கட் பெட்டியில் போட்டு பஸ்ஸில் அனுப்புகிறார்கள். தாயைக் காட்ட மறுப்பவரிடம் பேச்சை வளர்க்காமல் திரும்பிவிடுங்கள்.

போன வருடம் முத்தியால்பேட்டையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மனைவியோடு வந்தார். இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை, பக் குட்டி வேண்டும். ஒரு மணி நேரம் பேசினோம். குட்டியே வேண்டாம் என்று முடிவானது. வெளிநாடு போகிற ஒரு குடும்பம் விட்டுவிட்டுப் போக இடம் தேடிக்கொண்டிருந்த நான்கு வயது நாட்டுப் பெண் நாயை அழைத்துப் போனார்கள். முதல் வாரம் கட்டிலுக்கு அடியைவிட்டு வரவில்லை என்று அந்த அம்மா தினமும் போன் செய்தார். போன வாரம் ஊசிக்கு வந்திருந்தார்கள். எடை 17 கிலோ, வெப்பம் 101.4. மேசைமேல் ஏற்றுவதற்குத்தான் இரண்டு பேர் தேவைப்பட்டது. அதற்கு என்னைப் பிடிக்கவில்லை.