எங்கே வசிக்கிறீர்கள்? ஆக்கப்பட்ட மொழிகள் தரும் பதில்கள்

கொழும்பில் இரண்டு தமிழர் முதன்முறை சந்திக்கும்போது இடம் பற்றிய கேள்வி இருமுறை எழும். எங்கே இருக்கிறீர்கள் என்பதற்கு வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை என்றோ, சுருக்கமாகக் கொழும்பு 6, கொழும்பு 13 என்றோ பதில் வரும். அடுத்துச் சொந்த இடம் எது என்று கேட்கப்படும். பதில் சொல்பவர் பல ஆண்டுகளாகக் காலி வீதியை விட்டு அகலாதவராக இருந்தாலும், அதற்கு விடை பருத்தித்துறையாகவோ மட்டக்களப்பாகவோ பதுளையாகவோதான் இருக்கும். ஓரிடத்தில் இருப்பது, குடியிருப்பது, அவ்விடத்துக்கு உரியவராவது ஆகிய உறவுகளை இயற்கை மொழிகள் நெடுங்காலப் புழக்கத்தில் பிரித்தும் கலந்தும் வைத்துள்ளன. ஒரு மொழியைத் திட்டமிட்டு ஆக்குபவரோ, இவற்றுள் எதற்குத் தனிச்சொல் வேண்டும், எதைச் சூழலிடம் விட்டுவிடலாம் என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

ரஷ்ய, போலிய, ஜெர்மன், இத்திஷ் மொழிகள் பேசப்பட்ட பியாவிஸ்தோக் நகரில் பிறந்த கண் மருத்துவர் சமன்ஹோஃப், 1887 இல் வார்சாவில் வெளியிட்ட எஸ்பெராந்தோ மொழியில் இப்பிரிவினை தெளிவாக உள்ளது. ஆங்கிலத்தில் உயிர்வாழ்வதற்கும் குடியிருப்பதற்கும் ஒரே வினைச்சொல் போதும். எஸ்பெராந்தோவில் முன்னதற்கு ‘விவி’, பின்னதற்கு ‘லோஜி’. ‘லோஜஸ்’ என்றால் வசிப்பது, ‘லோஜிஸ்’ என்றால் வசித்தது, ‘லோஜோஸ்’ என்றால் வசிக்கப்போவது. நான், நீங்கள், அவர்கள் என எவருக்கும் ஈறு மாறாது. அதே வேரோடு ஒட்டுகள் சேரச் சேரச் சொற்கள் பெருகும். இடத்தைக் குறிக்கும் ஒட்டு சேர்ந்தால் ‘லோஜேயோ’, அதாவது வசிப்பிடம், வசிப்பவர் ‘லோஜந்தோ’, வசிப்போரின் தொகுதி ‘லோஜந்தாரோ’, அதாவது மக்கள்தொகை. தமிழைப் போலவே ஒட்டுநிலை இயல்புள்ள இவ்வமைப்பு நமக்கு அந்நியமாகத் தோன்றாது.

ஓரிடத்தவரைக் குறிக்க ‘ஆன்’ என்ற ஒட்டு பயன்படுகிறது. கொழும்புக்காரர் ‘கொலொம்பானோ’, ஒரே நகரத்தவர் ‘ஸாம்உர்பானோ’. நாட்டுப் பெயர்களில்தான் ஒரு சிக்கல் புகுகிறது. பல பழைய பெயர்களில் இனமே வேராகவும் நாடு அதிலிருந்து பிறந்த சொல்லாகவும் அமைந்துள்ளன: ஸ்வீடன்காரர் ‘ஸ்வேடோ’, அவர் நாடு ‘ஸ்வேடியோ’ அல்லது ‘ஸ்வேடூயோ’. ஒரு நாட்டில் ஓரினமே வாழ்கிறது என்ற எண்ணத்தில் நிற்கும் இந்த வழி, பல இனத்தவர் வாழும் நாட்டுக்குப் பொருந்தவே பொருந்தாது. நல்லவேளையாக இலங்கைக்கு நாட்டின் பெயரே வேர். அதிலிருந்து ‘ஸ்ரீலங்கானோ’ பிறக்கிறது. ‘தமிலோ’, ‘சின்ஹாலோ’ என்பவை தனி வேர்கள். ஆகவே வெள்ளவத்தைத் தமிழர் ஒருவர் தம்மைத் தமிலோ, ஸ்ரீலங்கானோ, கொலொம்பானோ என மூன்றாகவும் முரணின்றிச் சொல்லலாம். (அம்மொழியில் ‘கொலொம்போ’ என்றால் புறா என்றும் பொருள். எழுதும்போது முதலெழுத்தைப் பெரிதாக இட்டு வேறுபடுத்தலாம். பேச்சில் ‘மி லோஜஸ் என் கொலொம்போ’ என்பவர் புறாவுக்குள் குடியிருப்பதாகவும் கேட்கும்.)

லொஜ்பான் வேறு பாதையில் செல்கிறது. ஜேம்ஸ் குக் பிரவுன் 1955 இல் தொடங்கிய லொக்லான் மொழியின் வழியில், 1987 முதல் ஒரு குழுவினர் வளர்த்த தருக்க மொழி இது. இதன் 1,300 க்கும் மேற்பட்ட வேர்ச்சொற்கள் ஒவ்வொன்றும் நிரப்ப வேண்டிய வெற்றிடங்களோடு வருகின்றன. வசித்தலுக்கான ‘ஹப்ஜு’ என்ற சொல்லில் முதல் வெற்றிடம் வசிப்பவருக்கு, இரண்டாவது வசிக்கும் இடத்துக்கு. இரண்டாவது வெற்றிடத்தில் ‘மா’ என்ற வினாச்சொல்லை வைத்தால் ‘டோ ஹப்ஜு மா’, நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள் என்ற கேள்வி ஆயத்தமாகிவிடும். அதே வெற்றிடத்தில் பெயரை வைத்தால் பதில். பெயர்கள் மெய்யொலியில் முடிய வேண்டுமென்பதால் கொழும்பு ‘கொலொம்போஸ்’ ஆகும். பிறத்தலைக் குறிக்கும் ‘ஜ்பேனா’வில் பிறந்த இடத்துக்கு நான்காவது வெற்றிடம் உண்டு. நம்முடைய சொந்த இடக் கேள்வி முழுதாக அதற்குள் அடங்குமென்று நான் கருதவில்லை. கொழும்பு மருத்துவமனையொன்றில் பிறந்த பிள்ளைக்கும் சொந்த இடம் சாவகச்சேரியாக இருக்கலாம் அல்லவா?

கட்டடத்துக்கும் இல்லத்துக்கும் இம்மொழி வைத்துள்ள வேறுபாடு கூர்மையானது. ‘டின்ஜு’ என்பது கட்டடம். ‘ஸ்தானி’ என்பதோ யாருக்கு இல்லம் என்ற வெற்றிடத்தையும் உடையது. பறவைக் கூடும் அதில் அடங்கும். வெளிநாட்டில் இருப்பவர் வாங்கிப் பூட்டி வைத்திருக்கும் தொடர்மாடி வீடு டின்ஜுதான். அதை ஸ்தானி என்று சொன்னால் யாருடையது என்ற கேள்வி உடனே எழும்.

சோன்யா லாங் 2001 இல் வெளியிட்ட டோக்கி போனா என்ற மொழியில் ஏறத்தாழ 120 அடிப்படைச் சொற்களே உண்டு. குடியிருத்தலுக்கென்று தனிச்சொல் இல்லை. வீடு, அறை, கட்டடம் யாவும் ‘டோமோ’. நிலமும் நாடும் ‘மா’. இரண்டும் சேர்ந்த ‘மா டோமோ’ நகரம். ‘மி லோன் மா டோமோ கோலொன்போ’ என்றால் நான் கொழும்பில் இருக்கிறேன் என்று பொருள். அங்கே குடியிருப்பவரும், காலையில் வந்து மாலை ரயிலில் திரும்புபவரும் இதையே சொல்வர். வேறுபடுத்த விரும்புபவர், தங்குதலைக் குறிக்கும் ‘அவென்’ என்ற சொல்லை முன்னே சேர்த்து ‘மி அவென் லோன்’ என்று தொடங்கலாம். இரவில் உறங்குவது இங்கேதான் என்று உறக்கத்துக்கான ‘லாபே’யைக் கொண்டும் விளக்கலாம்.