பத்திரிகையில் உங்களைப் பற்றித் தப்பாகச் செய்தி வந்தால் எங்கே புகார் கொடுப்பது?

தக்கலையில் ஒருவர் பேக்கரி நடத்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் பக்கத்துத் தெருவில் ஒரு கடைக்கு சீல் வைக்கிறார்கள், மறுநாள் நாளிதழின் குமரி மாவட்டப் பக்கத்தில் இவர் கடைப் பெயர் வந்துவிடுகிறது. சாயங்காலத்துக்குள் அந்தக் கட்டிங் வாட்ஸ்அப்பில் மார்த்தாண்டம் வரைக்கும் போய்விடும். அடுத்து பெரும்பாலும் நடப்பது, உள்ளூர் நிருபருக்கு போன் போட்டுச் சத்தம் போடுவது. அவர் "நான் சரியாத்தான் அனுப்பினேன், டெஸ்க்ல மாத்திட்டாங்க" என்பார் (டெஸ்க் என்பது பத்திரிகை அலுவலகத்தில் செய்தியைத் திருத்தும் பிரிவு). நாலு நாளில் கோபம் ஆறிவிடும், போன பெயர் மட்டும் திரும்பி வராது.

இதற்கு வக்கீல் இல்லாமல், கட்டணம் இல்லாமல் ஒரு வழி இருக்கிறது: பத்திரிகைகள் மீதான புகார்களை விசாரிக்கும் பிரஸ் கவுன்சில் ஆஃப் இந்தியா. 1966-ல் தொடங்கப்பட்டது, இப்போது 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்குகிறது. அரசியல்வாதிக்கும் பெரிய ஆட்களுக்கும் மட்டுமான இடம் இல்லை, டீக்கடைக்காரரும் எழுதலாம்.

முதலில் யார் பொறுப்பு என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். குழித்துறையிலோ குளச்சலிலோ இருக்கிற நிருபர் பல நேரம் பகுதிநேரக்காரர். போலீஸ் தரும் தகவலையும் அதிகாரிகள் சொல்வதையும் வைத்து நாலு பத்தி அனுப்புவார், அதை வெட்டிக் கோர்த்துத் தலைப்பு வைப்பது டெஸ்க். எந்தச் செய்தி பக்கத்தில் ஏறும், எது நிற்கும் என்பதும் அங்கேதான் முடிவாகும். சட்டம் பார்ப்பது ஆசிரியரை. பேப்பரில் எங்காவது ஒரு மூலையில், பெரும்பாலும் கடைசிப் பக்கத்தின் அடியில், அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் பெயர்கள் பொடி எழுத்தில் இருக்கும். சில பத்திரிகைகளில் 'செய்தித் தேர்வுக்குப் பொறுப்பானவர்' என்றே போட்டிருப்பார்கள். உங்கள் கடிதம் போக வேண்டியது அந்தப் பெயருக்கு.

இந்தக் கடிதம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. ஆசிரியருக்கு எழுதாமல் நேரே கவுன்சிலுக்குப் போனால், முதலில் அவருக்கு எழுதுங்கள் என்பார்கள். போனில் சொன்னது கணக்கில் வராது. திட்டி எழுதவும் வேண்டாம், இப்படிப் போதும்: "உங்கள் நாளிதழின் நாகர்கோவில் பதிப்பில் இந்தத் தேதியில் 3-ஆம் பக்கத்தில் வந்த செய்தியில் என் கடைக்கு சீல் வைக்கப்பட்டதாக உள்ளது. என் கடையில் அன்று ஆய்வே நடக்கவில்லை. உரிமத்தின் நகலை இணைத்துள்ளேன். திருத்தத்தை அதே பக்கத்தில் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்." ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பாதிப் பிரச்சினை இங்கேயே தீர வாய்ப்பு உண்டு, ஏனென்றால் எழுத்தில் வந்த மறுப்பைக் கண்டுகொள்ளாமல் விடுவது ஆசிரியருக்குத்தான் பின்னால் சிக்கல்.

பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் டெல்லியில் இருக்கும் கவுன்சிலுக்கு எழுத வேண்டும். நாளிதழ், வார இதழ் என்றால் செய்தி வந்த தேதியிலிருந்து 2 மாதத்துக்குள், மாத இதழ் போன்றவற்றுக்கு 4 மாதத்துக்குள். புகாருடன் செய்தியின் அசல் கட்டிங், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தின் நகல், பதில் வந்திருந்தால் அதுவும் வைக்க வேண்டும். அப்புறம் ஓர் உறுதிமொழி: சொன்னதெல்லாம் எனக்குத் தெரிந்தவரை உண்மை, இது பற்றி எந்த நீதிமன்றத்திலும் வழக்கு நிலுவையில் இல்லை என்று. ஆகவே அவதூறு வழக்குப் போடும் எண்ணம் இருப்பவர்கள் எது முதலில் என்று யோசித்துக்கொள்ளுங்கள், வழக்கு நடக்கும்போது கவுன்சில் அதைத் தொடாது.

கட்டிங் விஷயத்தில் நம் ஆட்கள் கோட்டை விடுவார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். மாவட்டச் செய்தி அந்தந்தப் பதிப்பில்தான் வரும், நாகர்கோவிலில் வந்தது சென்னைப் பதிப்பில் இருக்காது. வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவில் தேதியும் பக்க எண்ணும் தெரியாது. அன்றைக்கே இரண்டு பேப்பர் வாங்கி முழுசாக எடுத்து வையுங்கள்.

புகாரில் விஷயம் இருக்கிறது என்று கவுன்சில் தலைவர் கருதினால் பத்திரிகைக்கு நோட்டீஸ் போகும், 14 நாளில் அவர்கள் விளக்கம் தர வேண்டும். பிறகு விசாரணைக் குழு, இரு தரப்பும் நேரில் பேசலாம். தப்பு என்று முடிவானால் எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், அந்த விவரத்தைப் பத்திரிகையிலேயே வெளியிடச் சொல்லலாம். அபராதம் போடவோ நஷ்டஈடு வாங்கித் தரவோ அதிகாரம் கிடையாது. இது பெரிய குறைதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு நாளிதழ் தன் பெயரில் வந்த கண்டனத்தைத் தானே அச்சிடுவது சின்ன விஷயம் இல்லை.

இது முழுக்க அச்சுப் பத்திரிகைக்கும் செய்தி நிறுவனங்களுக்கும்தான். டி.வி. என்றால் முதலில் சேனலுக்கே எழுத வேண்டும், 15 நாளில் பதில் தர வேண்டும் என்று 2021-ல் விதி வந்திருக்கிறது. திருப்தி இல்லையென்றால் அந்தச் சேனல் உறுப்பினராக இருக்கும் சுயகட்டுப்பாட்டு அமைப்புக்கு (சேனல்கள் தங்களைத் தாங்களே கட்டுப்படுத்த வைத்திருக்கும் அமைப்பு) போகலாம். இணையச் செய்தித் தளங்களுக்கும் அதே வருடம் விதிகள் வந்தன, அதில் ஒழுங்குநெறியைப் பின்பற்றச் சொல்லும் 9-ஆம் விதியின் முக்கியமான பகுதிகளை பம்பாய் உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் நிறுத்தி வைத்தது. ஃபேஸ்புக், யூடியூப்பில் சுற்றுவது என்றால் அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலரிடம் புகார் செய்யலாம், 24 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒக்கி புயல் வந்த 2017 நவம்பர் 30-க்குப் பிறகு, தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கம் கடலுக்குப் போனவர்கள் எத்தனை பேர் திரும்பவில்லை என்பதில் ஆளுக்கொரு எண்ணிக்கை வந்தது. வீட்டில் காத்திருந்தவர்களுக்கு ஒவ்வொரு செய்தியும் எப்படி இருந்திருக்கும்? தப்பான செய்தியைத் திருத்தச் சொல்வதை நான் பெரிதாக நினைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று, 2 மாதம், ஆசிரியருக்குக் கடிதம் என்று எதுவும் பார்க்காமல் உடனே செய்ய வேண்டியது. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், படம், வீட்டு முகவரி, குடும்ப விவரம், பள்ளி, எதையும் அடையாளம் தெரிகிற மாதிரி வெளியிடக் கூடாது, போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு இதைக் குற்றம் என்கிறது, 6 மாதம் முதல் 1 வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பத்திரிகையோ டி.வி.யோ யூடியூப் சேனலோ யார் போட்டாலும் நேரே போலீஸ் நிலையத்தில் புகார் கொடுங்கள், அங்கே எடுக்கவில்லை என்றால் நாகர்கோவில் எஸ்.பி. அலுவலகம் இருக்கிறது. அந்தச் செய்தியை ஆதாரத்துக்காகச் சேமித்து வைக்கலாம், யாருக்கும் ஃபார்வேர்டு செய்யாதீர்கள்.