மேடையை விட்ட பிறகும் முழங்கால் வலிக்கிறதா, டீச்சர்?

"மிஸ், நான் மேடையேறிப் பத்து வருசமாச்சு. ஆடின காலத்துல வராத வலி இப்ப ஏன் வருது?"

ஹட்டன் பக்கமிருந்து வந்த ஒரு பரதநாட்டிய ஆசிரியை கேட்டது இது. யாழ்ப்பாணத்தில் நடனத்தில் பட்டம் முடித்து நியமனம் பெற்றவர். வார நாட்களில் பாடசாலை, மாலையில் வீட்டில் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை அறநெறிப் பாடசாலை. கட்டிலில் உட்காரவைத்து, இடது முழங்கால் சில்லின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, மெதுவாக மடக்கி நீட்டச் சொன்னேன். மணலை அரைப்பதுபோல் கைக்கடியில் நறநறத்தது. (வலியில்லாமல் சத்தம் மட்டும் இருந்தால் பயப்படத் தேவையில்லை.) படி ஏறுவது பரவாயில்லை, இறங்கும்போதுதான் உயிர் போகிறது என்றார். ஏழெட்டு மாதமாகச் சித்தாலேப தைலம் தேய்த்தே சமாளித்திருக்கிறார்.

மலையகத்தில் இயன்மருத்துவராக வேலை செய்யும் நான் இந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டுவிட்டேன். மேடையிலிருந்து வகுப்பறைக்கு வந்தவர்கள், ஆடுவதையே நிறுத்திவிட்டதாக நினைக்கிறார்கள். ஆனால் முழங்கால் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது, முன்பைவிட மோசமான நிலைமையில்.

அரைமண்டியில் (முழங்கால்களைப் பக்கவாட்டில் மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலை) எத்தனை தரம் இருக்கிறீர்கள் என்று ஒரு நாள் எண்ணிப் பார்க்கச் சொன்னேன். 200ஐத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டாராம். மேடைக் காலத்தில் உடம்பைச் சூடாக்காமல் அவர் சலங்கை கட்டியதே இல்லை. இப்போது இடாப்பு கூப்பிட்டு முடிந்த கையோடு, சேலையோடு, குளிர்ந்த சீமெந்துத் தரையில் வெறுங்காலில் நேரே தட்டடவு, அதாவது பாதத்தைத் தரையில் தட்டி ஆடும் அடவு. பிள்ளைகளுக்கு வலது பக்கத்தை ஆடிக் காட்டுவார். இடது பக்கத்தை அவர்களே பார்த்துச் செய்துகொள்வார்கள். வலது கால் தட்டும் நேரமெல்லாம் உடம்பின் முழுப் பாரத்தையும் மடங்கிய இடது முழங்கால்தான் தாங்குகிறது. பத்து வருடமாக அதே கால். போதாததற்கு, அரைமண்டியில் இருந்தபடியே நின்று விளக்கம் சொல்லும் பழக்கமும் இருந்தது. வலி இடது பக்கம் வந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

பாரிஸ் ஒபேராவின் பாலே கலைஞர்கள் 42 வயதில் மேடையிலிருந்து ஓய்வு பெறுகிறார்கள். அந்த நாள் எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிவதால், கற்பிக்கவோ நடனம் அமைக்கவோ தயாராக அவர்களுக்கு அவகாசம் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கோ நியமனக் கடிதம் அல்லது கல்யாணப் பத்திரிகை வருவதோடு மேடை முடிந்துவிடுகிறது. ஆடத் தெரிந்தால் சொல்லிக்கொடுக்கவும் தெரியும் என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். அதனால் தெரிந்த ஒரே வழியில், ஆடி ஆடியே சொல்லிக்கொடுக்கிறார்கள்.

நம் மரபில் அப்படி இருக்கவில்லை.    நடனம் கற்பித்த நட்டுவனார்கள் பாடம் நடத்தியது உட்கார்ந்துகொண்டு. வாயில் சொல்லுக்கட்டு என்னும் தாளச் சொற்கள், கையில் தாளம் தட்டும் தட்டுக்கழி, முன்னால் அதைத் தட்டும் மரக்கட்டையான மனை. எங்கள் தோட்டத்துக் காமன் கூத்திலும் வயதான மாஸ்டர் ஓரமாக நின்று, தப்பு மேளத்தின் அடிக்கு ஏற்ப வாயாலேயே அடி சொல்லிக்கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். தேய்ந்த முழங்காலோடும் இந்த முறையில் நீண்ட காலம் கற்பிக்கலாம்.

அதனால் அந்த டீச்சரிடம் முதலில் கேட்டது, "தட்டுக்கழி இருக்கா?" என்றுதான். அலுமாரியில் துணி சுற்றி வைத்திருந்தாராம்.

சரி, மற்றவை. வகுப்பின் முதல் பத்து நிமிடம் பிள்ளைகளோடு சேர்ந்து நீங்களும் உடம்பைச் சூடாக்குங்கள். நுவரெலியாவின் தை மாதக் காலையில் இதைத் தவிர்க்கவே கூடாது. விளக்கம் சொல்லும்போது நிமிர்ந்து நில்லுங்கள். இந்த வாரம் வலது பக்கம் காட்டினால் அடுத்த வாரம் இடது. மூத்த மாணவி ஒருத்தியை முன்னால் நிறுத்தி ஆடவிடுங்கள். பாடசாலை மண்டபத்தில் பலகை மேடை இருந்தால், குதிக்கும் அடவுகளை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். "காலை இன்னும் திருப்பு" என்று பிள்ளையின் பாதத்தைப் பிடித்துத் திருப்பாதீர்கள். திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும், பாலேயிலும் இதே விதிதான். இடுப்பு இடம் கொடுக்காதபோது பாதத்தை மட்டும் திருப்பினால் முழங்கால் முறுகுகிறது. முன்னால் நின்று பாருங்கள்: முழங்கால் சில்லு இரண்டாவது கால்விரலுக்கு நேராக இருந்தால் சரி. பெருவிரலையும் தாண்டி உள்ளே சாய்ந்தால், அந்தப் பிள்ளைக்குப் பாதத்தின் விரிவைக் குறைத்துவிடுங்கள். அழகு கொஞ்சம் குறையும், குறையட்டும்.

முழங்கால் வீங்கினால், மடங்கியபடி இறுகி நின்றுகொண்டால், அல்லது இரவில் வலி எழுப்பினால், தமிழ்த்தினப் போட்டி முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டுங்கள், செலவில்லை.

அந்த டீச்சர் போன வாரம் ஒரு சீஆர் கொப்பியோடு வந்தார். போட்டிக்கான குழு நடனம். பக்கம் முழுக்க வட்டங்கள், வட்டத்துக்குள் பிள்ளைகளின் பெயர்கள், அம்புக்குறிகள். கதிரையில் இருந்தபடியே அமைத்ததாம். கட்டில் விளிம்பில் விரலால் தட்டி, சொல்லுக்கட்டைச் சொல்லிக் காட்டினார். படி இறங்கும்போது கொஞ்சம் வலி இன்னும் இருக்கிறது. முழங்காலுக்கான பயிற்சியை மேலும் ஆறு வாரத்துக்கு நீட்டியிருக்கிறோம்.