கரையேறும் கடைசி நூறு மீட்டர்

கூட்டப்புளி, பெருமணல், இடிந்தகரை, கூத்தங்குழி, உவரி, கூடுதாழை என்று நெல்லைக் கடற்கரை ஊர்களில் வள்ளங்கள் எனப்படும் சிறு மீன்பிடிப் படகுகள் பெரும்பாலும் திறந்த மணற்கரையிலிருந்தே கடலில் இறங்குகின்றன. அதே மணலுக்குத்தான் திரும்பி வருகின்றன. சில ஊர்களில் அலையை மட்டுப்படுத்தத் தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள் நீளும் கல் தடுப்பு, போட்டிருக்கிறார்கள். அதற்கு அப்பால் மறைப்பு எதுவும் இல்லை. நடுக்கடலில் இரண்டு மீட்டர் அலை வந்தால் வள்ளத்தைத் தூக்கி இறக்கிவிட்டுப் போய்விடும். அதே அலை, கோயில் கோபுரம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், ஆளையும் வலையையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். இடையில் அலைக்கு என்ன நடக்கிறது என்பதை வள்ளத்தில் ஏறும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஆழத்தில் அலை ஓடும்போது நீர் அதனுடன் ஓடுவதில்லை. ஒவ்வொரு துளியும் வட்டமடித்துவிட்டு ஏறக்குறைய பழைய இடத்துக்கே வந்துவிடும். இந்தச் சுழற்சி அலைநீளத்தில் பாதி ஆழம் வரை இறங்கும். தரை அதைவிட மேலே வந்ததும் அலை தரையை உணர ஆரம்பிக்கிறது. அதன் வேகம் குறைகிறது. பின்னால் வரும் அலை நெருங்குகிறது. நீளம் சுருங்க, உயரம் கூடுகிறது. உயரம் நீரின் ஆழத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கை எட்டும்போது முகடு அடிப்பாகத்தை முந்திக்கொண்டு உடைந்து விழுகிறது. இரண்டரை மீட்டர் அலை என்றால், மூன்று மீட்டருக்குச் சற்று அதிகமான ஆழத்தில் உடையும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இத்தனை மாற்றத்திலும் மாறாத ஒன்று உண்டு. ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே உள்ள நேரம்தான் அது. எனக்கு அலையின் உயரத்தைவிட இந்த இடைவெளிதான் முக்கியமாகப் படுகிறது. காரணம் இதுதான். ஆழ்கடலில் ஒன்றரை மீட்டர் உயரமுள்ள இரண்டு அலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று பக்கத்துக் காற்று கிளப்பியது, இடைவெளி 6 விநாடி. மற்றொன்று தொலைவிலிருந்து வந்த பெருநீள அலை, இடைவெளி 16 விநாடி. முதலாவதன் நீளம் 56 மீட்டர். இரண்டாவதன் நீளம் 400 மீட்டர். கரையருகே உடையும் தறுவாயில் முதலாவது ஒன்றே முக்கால் மீட்டர் அளவில் நிற்கும். இரண்டாவதோ இரண்டரை மீட்டருக்கு எழும்பிவிடும். அறிவிப்பில் ‘ஒன்றரை மீட்டர்’ என்பதை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

கள்ளக்கடல் என்று கடலோரத்தில் சொல்லப்படுவது இத்தகைய பெருநீள அலைகளைத்தான். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், 6,000 கிலோமீட்டருக்கும் அப்பால் வீசும் புயற்காற்றுகளில் அவை பிறக்கின்றன. 16 விநாடி அலைகளின் ஆற்றல் மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் பயணம் செய்யும். ஐந்தாறு நாட்களில் நம் கரைக்கு வந்துவிடும். இங்கே காற்று இருக்காது, வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும், கடல் மட்டும் பொங்கும். பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில், அதாவது விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருந்து வள்ளங்கள் மட்டும் தொழிலுக்குப் போகும் நாட்களில் இது வருகிறது. ஹைதராபாதில் உள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம் இதற்கு முன்னெச்சரிக்கை விடுக்கிறது; அதில் அலையின் இடைவெளியும் விநாடிக் கணக்கில் வரும். அந்த எண்ணை விட்டுவிடாதீர்கள்.

எச்சரிக்கை கைக்கு எட்டாத நாளிலும் ஒரு வழி இருக்கிறது. நீண்ட அலைகள் வேகமாக ஓடுவதால் அவைதான் முதலில் கரை சேரும். உயரம் கூடுவதற்கு முன்பே இடைவெளி கூடிவிடும். கரையில் நின்று பத்து அலைகள் உடைவதற்கு ஆகும் நேரத்தைக் கைப்பேசியில் பார்த்துப் பத்தால் வகுத்தால் போதும். வழக்கமாக ஏழெட்டு விநாடியில் உடையும் கடல் பதினைந்து, பதினாறு விநாடி எடுத்துக்கொண்டால், அலை தணிவாகத் தெரிந்தாலும் அன்று நம்பி இறங்குவது நல்லதல்ல.

இனி, திரும்பி வரும் வள்ளத்தைப் பார்ப்போம். அலை பின்னாலிருந்து வருகிறது. முகட்டில் நீர் கரையை நோக்கிப் பாயும். பள்ளத்தில் கடலை நோக்கி இழுக்கும். வள்ளத்தின் பின்முனையான பின்தலை முகட்டிலும், முன்முனையான அணியம் பள்ளத்திலும் இருக்கும் அந்த நொடியில், பின்பக்கம் முன்னே தள்ளப்படுகிறது, முன்பக்கம் பிடித்து நிறுத்தப்படுகிறது. வள்ளம் சற்றே கோணலாக இருந்தாலும் போதும், அலை அதைத் திருப்பிவிடும். திருப்பிச் சரிசெய்யலாம் என்றால் சுக்கானைச் சுற்றியுள்ள நீரும் வள்ளத்தோடு சேர்ந்தே ஓடுகிறது. சுக்கானுக்குப் பிடிப்பு கிடைக்காது. மோட்டாரின் விசிறி நீருக்கு மேலே எழும்பி வெறுமனே சுற்றும். வள்ளம் அலைக்குக் குறுக்கே விழுந்துவிட்டால் அடுத்த முகடு கவிழ்த்துவிடும். இது சில விநாடிகளுக்குள் முடிந்துபோகும் காரியம்.

ஆகவே முடிவு எடுக்க வேண்டிய இடம், அலை உடையும் பட்டைக்கு வெளியே. அங்கே நிறுத்தி, பத்து நிமிடமாவது கடலைப் பார்க்க வேண்டும். அலைகள் கூட்டமாக வரும். பெரியவை சில வந்தபின் சிறியவை சில வரும். கடலிலிருந்து பார்க்கும்போது அலையின் முதுகுதான் தெரியும், முகம் தெரியாது. அதனால் உள்ளதைவிடச் சிறியதாகவே தோன்றும். கரையில் நிற்பவரின் கைச்சாடைக்கு இங்கே பெரிய மதிப்பு உண்டு. பெரிய அலைகளில் கடைசியானது கடந்ததும் அதன் முதுகுக்குப் பின்னாலேயே போக வேண்டும், அதை முந்தக் கூடாது. மூன்று மீட்டர் ஆழத்தில் அலை மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்; பாரம் ஏற்றிய வள்ளத்தால் அந்த வேகம் போக முடியாமல் பின்னால் வரும் அலை பிடித்துவிடலாம். அப்போது வேகத்தைக் குறைத்து, பின்தலையை அலைக்கு நேராக வைத்து, முகட்டைத் தாண்டவிட வேண்டும். பின்னால் ஒரு கனமான கயிற்றை இழுத்துவந்தால் வள்ளம் திரும்பாமல் நேராக நிற்கும்.

அதற்கு முன் உள்ளே கிடக்கும் தண்ணீரை இறைத்தாக வேண்டும். செம்பில் தண்ணீர் கொண்டுபோவதற்கும் தாம்பாளத்தில் கொண்டுபோவதற்கும் உள்ள வித்தியாசம் எல்லோருக்கும் தெரியும். 7 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலத்தில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் அது அரை டன்னுக்கு மேல். எடையைவிட அதன் ஓட்டம் ஆபத்தானது. வள்ளம் சாயும் பக்கமே அதுவும் ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். தண்ணீர் ஓடும் அகலம் இரண்டு மடங்கானால் இந்தக் கேடு எட்டு மடங்காகும். நீளவாக்கில் நடுவே ஒரு தடுப்பு வைத்தால் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கட்டுமரத்தில் இந்தத் தொல்லையே இல்லை, ஏறிய நீர் மரங்களின் இடுக்கு வழியே வடிந்துவிடும். அதைக் கட்டியவர்களின் அறிவை நாம் போதுமான அளவு பாராட்டவில்லை என்றே நினைக்கிறேன். வலையும் மீனும் தாழ்வாக, சற்றுப் பின்தள்ளி இருக்கட்டும்.

மிதவை அங்கி பலகைக்கு அடியில் கிடந்தால் ஒரு பயனும் இல்லை. அலையில் அடிபட்டு விழுந்தவர் அதைத் தேடி எடுத்து மாட்டிக்கொள்ள முடியாது. கரை நெருங்கும்போதாவது எல்லோரும் அணிந்திருக்க வேண்டும். ஓட்டுபவர் விழுந்தால் மோட்டார் தானே நின்றுவிடும்படி ஒரு கயிறு உண்டு. அதை அவர் மணிக்கட்டில் மாட்டியிருக்க வேண்டும். வலை சுற்றிக்கொண்டால் அறுக்க, கைக்கெட்டும் இடத்தில் கத்தி வேண்டும்.

ஆழ்கடலில் கவிழ்ந்தால் வள்ளத்தை விட்டு நீந்தாதீர்கள். அலைகளுக்கு இடையே ஒரு தலையைத் தேடிக் கண்டுபிடிப்பது மிகக் கடினம், கவிழ்ந்த வள்ளம் தூரத்திலிருந்தே தெரியும். கடலோரக் காவல் படையின் 1554 என்ற எண்ணைக் கரையில் இருப்பவர்களும் மனப்பாடம் செய்து வைத்திருக்க வேண்டும். அலை உடையும் இடத்தில் கவிழ்ந்தாலோ, வள்ளத்துக்கும் கரைக்கும் நடுவே சிக்கிக்கொள்ளாமல் கடல் பக்கமாக விலகிவிட வேண்டும். அடுத்த அலை வள்ளத்தைக் கரையை நோக்கித்தான் வீசும்.