விளம்பரத்துக்குக் காசு போடும் முன்பு

மதுரை விளாச்சேரியில் கொலு பொம்மை செய்யும் அக்கா ஒருவர் போன வருஷம் ஆடி மாதம் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, ஃபேஸ்புக்குல ஐயாயிரம் ரூபா போட்டா ஆர்டர் வரும்னு பக்கத்து வீட்டுப் பையன் சொல்றான். போடவா?" என்று கேட்டார். சிறு தொழில் செய்பவர்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் விளம்பர வேலை செய்து கொடுப்பதுதான் என் தொழில். நேரில் வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

திண்ணையில் உட்கார்ந்து கூகுள் மேப்பில் அவர் கடைப் பெயரைத் தேடினேன். யாரோ எப்போதோ போட்டுவிட்ட ஒரு புள்ளி இருந்தது. அது காட்டிய இடம் இரண்டு தெரு தள்ளி. அதில் இருந்த எண் அவருடைய பழைய சிம். அந்த ஊரில் பொம்மை செய்யும் வீடுகள் நிறைய. வழி மாறி வருபவர் இவர் வீட்டைத் தேடி அலைய மாட்டார், கண்ணில் படும் முதல் வாசலில் வாங்கிக்கொண்டு போய்விடுவார். அப்புறம் அவர் போனை வாங்கி அழைப்புகளைப் பார்த்தேன். அந்த வாரம் மட்டும் தெரியாத எண்களிலிருந்து ஒன்பது அழைப்புகள் வந்திருந்தன. ஒன்றையும் எடுக்கவில்லை. "லோன் வேணுமான்னு கேக்குறவங்க தம்பி" என்றார். அதில் நான்கு எண்களை அங்கேயே திரும்பக் கூப்பிட்டோம். ஒன்று லோன்தான். ஒன்று எடுக்கவில்லை. மற்ற இரண்டும் சென்னையிலிருந்து பொம்மை கேட்டவர்கள். அதில் ஒருவர் அதற்குள் வேறு இடத்தில் சொல்லி வைத்துவிட்டார்.

ஐயாயிரம் ரூபாய் போட்டிருந்தால் புதிதாக வருபவர்களும் இதே இடத்தில்தான் தொலைந்திருப்பார்கள். இந்தத் தொழிலில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது. சிறிய கைவினைக் கடை, நடன வகுப்பு, நாடகக் குழு, குழந்தைகள் இல்லம் என்று எதை எடுத்தாலும், ஊருக்குத் தெரியாமல் இருப்பதால் வரும் நஷ்டத்தைவிட, தேடி வந்தவரைக் கை நழுவ விடுவதால் வரும் நஷ்டம்தான் பெரிது. அதைச் சரிசெய்யப் பெரும்பாலும் காசே வேண்டாம்.

அன்று முதலில் செய்தது, தேடலிலும் மேப்பிலும் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல். இது முழுக்க இலவசம். கடைப் பெயர், சரியான இடம், இப்போதைய எண், திறந்திருக்கும் நேரம், பத்துப் படம். உரிமையாளர் நாம்தான் என்று காட்டுவதற்கு வீடியோ கேட்கலாம். தெரு, வாசலில் பெயர்ப் பலகை, உள்ளே வேலை நடக்கும் இடம் எல்லாம் வெட்டாமல் ஒரே ஓட்டத்தில் எடுக்க வேண்டும். அக்காவிடம் பெயர்ப் பலகை இல்லை. அவர் மகள் ஒரு பலகையில் பெயரைப் பெயிண்டில் எழுதி, காய்ந்ததும் வாசலில் மாட்டினாள். மறுநாள் தெருமுனையிலிருந்து நடந்து வந்து, அச்சுகள் அடுக்கிய அறை வரை எடுத்து அனுப்பினோம். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: "கூகுளிலிருந்து பேசுகிறோம், உங்கள் கடையை முதல் இடத்தில் காட்டப் பணம் கட்டுங்கள்" என்று யார் கூப்பிட்டாலும் போனை வைத்துவிடுங்கள். சிறு தொழில்களுக்கான உதயம் பதிவுக்கும் இதே கதைதான். அரசின் தளத்தில் அது இலவசம். பணம் கேட்கும் தளம் இடைத்தரகருடையது.

அடுத்தது வாட்ஸ்அப் பிசினஸ். சாதாரண வாட்ஸ்அப்பையும் இதையும் இரண்டு எண்களில் ஒரே போனில் வைத்துக்கொள்ளலாம். பொருள்களைப் படத்தோடும் விலையோடும் கேட்டலாக்காக அடுக்க இதில் இடம் இருக்கிறது. விலை போட வேண்டும் என்றதும் அக்கா தயங்கினார். "வெலையப் போட்டா பக்கத்துல பாத்துட்டு பத்து ரூபா கொறச்சுருவாங்க தம்பி."

அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனாலும் விலை போடாத படத்தைப் பார்ப்பவர் என்ன செய்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். இரவு பத்து மணிக்கு, எல்லோரும் தூங்கிய பிறகு, ஒரு அம்மா போனில் தசாவதார செட்டைப் பார்க்கிறார். "விலைக்கு இன்பாக்ஸ் வரவும்" என்று எழுதியிருக்கிறது. கேட்டால் வாங்கியே ஆக வேண்டுமோ என்ற கூச்சம் பலருக்கு உண்டு, அதனால் கேட்காமலே அடுத்த படத்துக்குப் போய்விடுவார். பத்து ரூபாய் குறைத்து விற்பவரிடம் போகிறவர்கள் எப்படியும் போவார்கள். கூச்சப்பட்டுப் போகிறவர்களைத்தான் நாம் பிடித்து வைக்க முடியும். ஒரு மணி நேரம் பேசிய பிறகு, செட்டுகளுக்கு மட்டும் விலை போடுவது, தனிப் பொம்மைகளுக்கு "இத்தனை ரூபாயிலிருந்து" என்று போடுவது என முடிவானது.

படம் எடுப்பது பற்றி நிறைய வகுப்புகள் நடக்கின்றன. எனக்குத் தெரிந்தவரை மூன்று விஷயம் போதும்: காலை வெயில் நேராக விழாத வாசல் வெளிச்சம், பின்னால் துவைத்த வெள்ளை வேட்டி, பக்கத்தில் ஓர் எவர்சில்வர் டம்ளர். டம்ளர் எதற்கு என்றால் அளவுக்கு. கொலு பொம்மை வாங்குபவர் முதலில் கேட்பது "எத்தனை இன்ச்?" என்றுதான், அவர் வீட்டுப் படியில் அது நிற்க வேண்டுமே. இன்ச் கணக்கை எழுத்தில் போட்டாலும் மனசில் பிடிபடாது. டம்ளர் பக்கத்தில் நின்றால் சட்டென்று பிடிபடும். களிமண்ணா காகிதக்கூழா என்பதையும் ஒளிக்காமல் எழுதிவிட வேண்டும். வெளியூருக்கு அனுப்புபவர்கள் வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்குவதையும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். "உடையாம வருமா?" என்ற அடுத்த கேள்விக்கு அதுவே பதில்.

வீடியோ என்றதும் சினிமாப் பாட்டைச் சேர்க்கத் தோன்றும். இன்ஸ்டாகிராமில் பிசினஸ் கணக்கு வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலான சினிமாப் பாட்டுகளைப் பயன்படுத்த அனுமதி கிடையாது. மீறிச் சேர்த்தால் சத்தம் அடைபடலாம், பதிவே நீக்கப்படலாம். பட்டறையில் இருக்கும் சத்தமே போதும். அக்கா பிள்ளையாருக்குக் கண் எழுதும் இருபது நொடியை எடுத்தோம். மூச்சை அடக்கிக்கொண்டு ஒற்றை மயிர்த் தூரிகையால் விழியை வைத்துவிட்டு, "ம்" என்று மூச்சு விடுவார். பின்னால் எங்கேயோ ஒரு சேவல் கூவும். அவர் இன்ஸ்டாகிராம் பக்கத்திலேயே அதிகம் பேர் மற்றவர்களுக்கு அனுப்பியது அந்த வீடியோதான்.

சரி, வந்தவர் அடுத்த வருஷமும் வர என்ன செய்வது? ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்ப வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் பட்டியல் உண்டு. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். அதில் ஒரு நுணுக்கம் பலருக்குத் தெரிவதில்லை. நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்குத்தான் அந்தச் செய்தி போய்ச் சேரும். அதனால் பொம்மையோடு ஒரு துண்டுச் சீட்டு வைக்கச் சொன்னேன்: "இந்த எண்ணைச் சேமித்து வையுங்கள். அடுத்த ஆடியில் புதுப் பொம்மைகளின் படம் உங்களுக்கு முதலில் வரும்." வாடிக்கையாளர்களைக் குரூப்பில் மட்டும் போட்டுவிடாதீர்கள். ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரிந்துபோகும், காலை வணக்கங்கள் குவியும், நல்ல வாடிக்கையாளர்கள்தான் முதலில் வெளியேறுவார்கள்.

ஆடி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நவராத்திரி 2024-இல் அக்டோபர் 3-இல் தொடங்கியது, 2025-இல் செப்டம்பர் 22-இல். பதினொரு நாள் முன்னால் வந்துவிட்டது. ஆங்கிலத் தேதியை மனசில் வைத்துக்கொண்டு "செப்டம்பர் கடைசியில் பதிவு போடலாம்" என்றிருந்தவர்களுக்கு அந்த வருஷம் சரக்கு தங்கியது. பஞ்சாங்கத்தைப் பார்த்து, அந்த நாளிலிருந்து எட்டு வாரம் பின்னால் எண்ணிக் காலண்டரில் சுழித்து வையுங்கள். கிறிஸ்துமஸ் குடில் பொம்மைக்கு நவம்பர் முதல் வாரத்திலேயே சொல்லத் தொடங்க வேண்டும். பத்திரிகைக்காரர்களும் பண்டிகைக்குப் பத்து நாள் முன்பு செய்திக்கு ஆள் தேடுவார்கள். தமிழில் ஒரே பக்கம், தெளிவான இரண்டு படம், கூப்பிட்டால் எடுக்கும் எண். உங்கள் பகுதி நிருபரிடம் இதைக் கொடுத்துப் பாருங்கள். காசு கொடுத்துப் போடும் விளம்பரத்தைவிட மக்கள் இதை நம்புகிறார்கள்.

பத்தமடைப் பாய், தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை, செட்டிநாட்டுக் கொட்டான் மாதிரி புவிசார் குறியீடு வாங்கிய பொருளைச் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊருக்குக் குறியீடு கிடைத்துவிட்டது என்பதற்காக எல்லோரும் அந்த முத்திரையை அச்சடித்துக்கொள்ள முடியாது. அங்கீகரிக்கப்பட்ட பயனராகத் தனியாகப் பதிய வேண்டும். பதிந்த பிறகு, சான்றைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டுங்கள். மெஷினில் செய்த நகலுக்கும் உங்கள் பொருளுக்கும் என்ன வித்தியாசம் என்று வாங்குபவரிடம் பேச்செடுக்க அது உதவும்.

இனி தொண்டு நிறுவனங்கள். அவர்கள் என்னிடம் வரும்போது பெரும்பாலும் கேட்பது நாற்பது பக்கம் ஆங்கில ஆண்டறிக்கை, இல்லாவிட்டால் இரண்டு நிமிடக் குறும்படம். நான் முதலில் கேட்பது நோட்டு. நம் ஊரில் பிள்ளையின் பிறந்தநாளுக்கும் அப்பா அம்மாவின் நினைவு நாளுக்கும் இல்லத்துக்குச் சாப்பாடு போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அப்படி வருபவர் பெயர், எண், என்ன நாள், யார் நினைவாக என்று நான்கு கட்டம் போட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்தால் போதும். அடுத்த வருஷம் அந்த நாளுக்குப் பத்து நாள் முன்பு ஒரு போன்: "போன வருஷம் உங்க அப்பா நினைவு நாளுக்கு வந்திருந்தீங்க. பிள்ளைங்க நல்லா இருக்காங்க." பணம் கேட்க வேண்டாம், இதைச் சொன்னாலே போதும். நான் வேலை செய்த ஓர் இல்லத்தில் பல வருஷ ரசீதுக் கட்டுகள் பீரோவில் அப்படியே கிடந்தன. மூன்று நாள் உட்கார்ந்து அவற்றை நோட்டில் ஏற்றினோம். கூப்பிட்டபோது ஓர் அம்மா அழுதுவிட்டார். தன் கணவர் இறந்த தேதியைச் சொந்தக்காரர்களே மறந்துவிட்டார்கள், நீங்கள் நினைவு வைத்திருக்கிறீர்களே என்றார்.

அங்கே இன்னொன்றும் கவனித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று வீட்டுப் பிரியாணி வந்து சேரும். செவ்வாய்க்கிழமை மளிகைக்குக் கடன். சாப்பாடு போட வருபவர்களுக்கு ஆசிரியர் சம்பளமும் கரண்ட் பில்லும் கண்ணில் படுவதில்லை, யாரும் சொல்வதும் இல்லை. வாசலில் ஒரு கரும்பலகை வைத்தோம். "இந்த மாதத் தேவை" என்று தலைப்பு. கீழே ஐந்து வரி, ஒவ்வொன்றுக்கும் எதிரே தொகை. கிடைத்ததை அடித்துவிட்டு அடுத்ததை எழுதுவார்கள். அதே பலகையை வாராவாரம் படம் எடுத்து ஸ்டேட்டஸில் வைப்பார்கள். அடித்த வரிகளைப் பார்க்கும்போது மக்களுக்கு நம்பிக்கை வருகிறது.

பிள்ளைகளின் முகத்தை மட்டும் போடவே கூடாது. இல்லங்களில் வளரும் பிள்ளைகளின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 74-ஆவது பிரிவு தடை செய்கிறது. ஆறு மாதம் வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சட்டத்தை விடுங்கள். கையில் தட்டோடு நிற்கும் அந்தப் படம் அந்தப் பிள்ளை கல்லூரிக்குப் போன பிறகும் இணையத்தில் கிடக்கும். எழுதும் கையை எடுங்கள், அவர்கள் வரைந்த படத்தை எடுங்கள், முதுகுப் பக்கத்திலிருந்து வகுப்பறையை எடுங்கள்.

வரிச்சலுகையைச் சொல்லி நன்கொடை கேட்பவர்கள் உண்மையை முழுதாகச் சொல்ல வேண்டும். 80ஜி என்று சொல்லப்படும் நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அதற்குச் சலுகை இல்லை. அப்புறம், க்யூஆர் கோடை இணையத்தில் போட்டுவிட்டு, யார் பணம் அனுப்புகிறார்கள் என்று பார்க்க மறந்துவிடுகிறார்கள். வெளிநாட்டுப் பங்களிப்பை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ இல்லாத அமைப்பு வெளிநாட்டுக் குடிமக்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. சிங்கப்பூரிலோ கனடாவிலோ இருக்கும் உறவினர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர், ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், அனுப்பினால் ஆகும். "எந்த நாட்டுப் பாஸ்போர்ட்?" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். அந்த ஒரு கேள்வியைத் தவறவிட்டு நோட்டீஸ் வாங்கி அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

பெரிய இலவசங்களும் இருக்கின்றன. பதிவு பெற்ற தொண்டு அமைப்புகளுக்கு கூகுள் மாதம் 10,000 டாலர் வரை தேடல் விளம்பரத்தை இலவசமாகத் தருகிறது. போஸ்டர் வடிவமைக்க உதவும் கேன்வாவும் அவர்களுக்கு இலவசம். ஆனால் விளம்பரத்தைத் தொட்டு வருபவர் போய்ச் சேர ஒழுங்கான இணையதளம் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். வருஷா வருஷம் அக்டோபர் 2 முதல் 8 வரை "தான் உத்சவ்" என்ற கொடை வாரம் நடக்கும். அந்த வாரத்தில் பல கம்பெனி ஊழியர்கள் உதவ இடம் தேடுவார்கள். ஆகஸ்டிலேயே பக்கத்துக் கம்பெனிகளுக்கு ஒரு கடிதம் எழுதி வையுங்கள்.

"உங்களுக்கு விருது கிடைத்திருக்கிறது, விழாவுக்கு இருபதாயிரம் கட்டுங்கள்" என்று வரும் போன்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காசுக்கு வாங்கிய விருதும் காசுக்கு வாங்கிய ஃபாலோயர்களும் ஒரு பொம்மையைக்கூட விற்றுத் தந்து நான் பார்த்ததில்லை. கட்டிய கைவினைஞர் ஒருவர் வீட்டில் அந்தக் கேடயத்தைப் பார்த்தேன். அதற்கு அவர் மனைவியின் தோடு அடகுக்குப் போயிருந்தது. அன்று எனக்கு ஏற்பட்ட வருத்தம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

விளாச்சேரி அக்காவுக்குக் கடைசியாக நான் கொடுத்தது ஒரு கோடு போட்ட நோட்டு. யார் கூப்பிட்டாலும், வந்தாலும், "எப்படிங்க நம்மளத் தெரியும்?" என்று கேட்டு, மேப், வாட்ஸ்அப், தெரிந்தவர் சொன்னது, பேப்பர் என்று நான்கு கட்டத்தில் ஒன்றில் கோடு போட வேண்டும். நவராத்திரி முடிந்து நான் போனபோது நோட்டைக் காட்டினார். "தெரிந்தவர் சொன்னது" கட்டத்தில் இடம் போதாமல் அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தது. மேப் இரண்டாவது. ஐயாயிரம் ரூபாயை என்ன செய்தீர்கள் என்றேன். அதில் ஆயிரத்துச் சொச்சத்துக்குத் துண்டுச் சீட்டும் பெட்டியும் வாங்கினாராம். மீதிப் பணத்தில் குடில் பொம்மைக்கு ஒரு புது அச்சு எடுக்கக் கொடுத்திருந்தார். ஒட்டகம். போன வருஷம் இரண்டு பேர் கேட்டு இல்லை என்று அனுப்பியதை அதே நோட்டின் ஓரத்தில் எழுதி வைத்திருந்தார்.