யுனிவர்சல் ரிமோட்: ‘உலகளாவிய’ வேண்டாம், ‘பொது’ போதும்

‘உலகளாவிய தொலைநிலைக் கட்டுப்பாட்டில் அகச்சிவப்புக் குறியீடுகளை நிரலாக்கம் செய்யவும்.’ பல கம்பெனிக் கருவிகளுக்கும் பொருந்தும் யுனிவர்சல் ரிமோட் ஒன்றைப் புதிதாக வாங்கினால் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் இப்படித்தான் எழுதியிருக்கிறது. இணையக் கடைகளின் தமிழ்ப் பக்கங்களில் ‘உலகளாவிய ரிமோட்’ என்றே பெயர் போட்டு விற்கிறார்கள். செல்போன் செயலிகளிலும் அதே பெயர். இத்தனை இடத்தில் பார்த்த பிறகு, இதுதான் முறையான தமிழ் போலிருக்கிறது என்று படிப்பவர்கள் நம்பிவிடுவார்கள். இது முறையான தமிழ் இல்லை. ஏன் இல்லை என்பதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

யுனிவர்சல் என்பது இலத்தீனிலிருந்து வந்தது. ‘ஊனுஸ்’ என்றால் ஒன்று, ‘வெர்சுஸ்’ என்றால் திரும்பியது. ஒன்றாகத் திரண்ட முழுமை என்பது அடிப்பொருள். அதிலிருந்து ‘எங்கும் உள்ள’ என்றும் ‘எல்லாவற்றுக்கும் பொருந்துகிற’ என்றும் இரண்டு பொருள் கிளைத்தன. சொல் வரலாறு இவ்வளவு போதும்.

அந்த இரண்டு பொருளையும் பிரித்துப் பார்க்காததுதான் சிக்கல். 1948இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற மனித உரிமை ஆவணத்தின் ஆங்கிலப் பெயரிலும் யுனிவர்சல் இருக்கிறது. அதைத் தமிழில் உலக மனித உரிமைப் பிரகடனம் என்கிறோம். அங்கே ‘உலக’ சரி, ஏனென்றால் பேச்சே உலகத்து மக்கள் அத்தனை பேரையும் பற்றியது. அந்தப் பழக்கத்தை அப்படியே கொண்டுவந்து ரிமோட்டின் தலையிலும் கட்டிவிட்டார்கள்.

‘அளாவுதல்’ என்றால் எட்டுதல், தொட்டுக் கலத்தல். வானளாவிய கோபுரம் என்றால் வானைத் தொடுகிற கோபுரம். அப்படியானால் உலகளாவியது என்பது உலகம் முழுக்க எட்டுவது. ரிமோட்டின் கதிர் எவ்வளவு தூரம் எட்டும்? பத்து மீட்டர் போனால் பெரிது. சுவர் குறுக்கே இருந்தால் அதுவும் இல்லை, பக்கத்து அறை டிவிகூட அசையாது. இந்தக் கருவியிலுள்ள யுனிவர்சலுக்கும் தூரத்துக்கும் ஒட்டு உறவே கிடையாது. பல கம்பெனி டிவிகளுக்கும் பொருந்தும் என்பது ஒன்றுதான் அதன் பொருள்.

கோயம்புத்தூரில் மோட்டார்த் தொழில் தெரிந்தவர்களிடம் கேட்டால் இது உடனே விளங்கும். மிக்சிக்குள் ஓடுவது யுனிவர்சல் மோட்டார். ஏசி, டிசி இரண்டு மின்சாரத்திலும் ஓடும் என்பதால் அந்தப் பெயர். நாமக்கல், சங்ககிரி லாரிப் பட்டறைகளில் யுனிவர்சல் ஜாயிண்ட் கழற்றி மாட்டுகிறார்கள். இரண்டு தண்டுகள் நேர்கோட்டில் இல்லாமல் சாய்ந்து நின்றாலும் சுழற்சியைக் கடத்தும் இணைப்பு அது. இவற்றை ‘உலகளாவிய மோட்டார்’, ‘உலகளாவிய மூட்டு’ என்று எழுதினால் பட்டறைக்காரர் ஒருவருக்கும் புரியாது.

நம் பள்ளிப் பாடநூல் இதைச் சரியாகவே செய்திருக்கிறது. நியூட்டனின் விதியை ‘பொது ஈர்ப்பியல் விதி’ என்று படித்தோம். பிரபஞ்சம் முழுக்கச் செல்லுபடியாகும் விதிக்கே ‘பொது’ போதுமானதாக இருக்கும்போது, டிவி ரிமோட்டுக்குப் போதாதா? திருக்குறளை ‘உலகப் பொதுமறை’ என்கிறோம். அதில் உலகம், பொது இரண்டும் தனித்தனி வேலை செய்வதைக் கவனியுங்கள். எந்த எல்லைக்குள் என்பதை ‘உலக’ சொல்கிறது, எல்லாருக்கும் பொருந்தும் என்பதை ‘பொது’ சொல்கிறது. தமிழ் ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கும் இரண்டை மொழிபெயர்ப்பாளர் மறுபடி ஒன்றாகக் குழப்புகிறார்.

‘பொது’ என்றால் பொதுக்கூட்டம், பொதுக் கழிப்பிடம் மாதிரி ஊருக்கெல்லாம் உரியது என்று ஆகாதா என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். ஆகாது. நம் பக்கம் பங்காளிகள் நாலு காட்டுக்கும் சேர்த்து ஒரு பொதுக்கிணறு வைத்திருப்பார்கள், முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். அதைப் பொதுக்கிணறு என்பதால் ஊரே வந்து இறைக்கலாம் என்று யாரும் நினைப்பதில்லை. டிவி, செட்டாப் பாக்ஸ், ஹோம் தியேட்டர் மூன்றுக்கும் ஒரே ரிமோட் என்றால் அதுவும் அப்படிப் பொதுவானதுதான். கணக்கில் மீச்சிறு பொது மடங்கு என்று படித்தவர்களுக்கு இதில் தடுமாற்றமே வராது.

‘அனைத்து’ என்று போடலாமே என்பது இன்னொரு யோசனை. கணிதத்தில் அனைத்துக் கணம் என்ற சொல் நன்றாகவே நிற்கிறது, எல்லா உறுப்புகளையும் உள்ளடக்கிய கணம் அது. ஆனால் ‘அனைத்து ரிமோட்’ என்றால் கடையிலுள்ள ரிமோட் அத்தனையும் என்று ஆகிவிடும். ‘அனைத்து ரிமோட்டும் இங்கே கிடைக்கும்’ என்று பலகை எழுதும் ஊரில் இந்தச் சொல் ஓடாது. ‘சர்வதேச ரிமோட்’ என்றும் ஓரிடத்தில் பார்த்தேன். அதற்குப் பதில் சொல்லவும் மனம் வரவில்லை.

காந்திபுரத்தில் ஒரு கடையில் நின்றிருந்தபோது வயதான அம்மா ஒருவர் கேட்டார்: “ஏனுங் தம்பி, இது எல்லா டிவிக்கும் சேருமுங்களா?” கடைக்காரத் தம்பி, “சேருமுங்கம்மா, செட் பண்ணியே குடுத்தர்றனுங்” என்றார். ‘சேரும்’ என்ற ஒரே சொல்லில் யுனிவர்சல் முழுக்க வந்துவிட்டது. மொழிபெயர்க்க உட்காருகிறவர்கள் அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டுவதற்கு முன்னால் இப்படி ஒரு கடையில் கால் மணி நேரம் நின்றுவிட்டு வரலாம்.

‘தொலைநிலைக் கட்டுப்பாடு’ செயலின் பெயர், கருவியின் பெயர் ஆகாது. கட்டுப்பாடு என்றதும் நமக்கு ஊர்க் கட்டுப்பாடும் குடும்பக் கட்டுப்பாடும்தான் நினைவுக்கு வரும். எழுத்தில் தொலையியக்கி, பேச்சில் ரிமோட். இரண்டும் நல்ல சொற்கள். ஆக, ‘பொதுத் தொலையியக்கி’, ‘பொது ரிமோட்’. அகச்சிவப்பில் எனக்கு ஒரு குறை உண்டு. 1800இல் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் வெப்பமானியை நிறமாலையின் சிவப்புக்கு வெளியே வைத்துத்தான் அந்தக் கதிரைக் கண்டுபிடித்தார். வெளியே இருப்பதை ‘அகம்’ என்பது பொருந்தவில்லை. ஆனாலும் பாடநூலில் ஊன்றிவிட்ட சொல், விட்டுவிடுகிறேன்.

‘குறியீடு’, ‘நிரலாக்கம்’ இரண்டையும் விட முடியாது, அவற்றால் வாங்கினவருக்கு வேலையே கெடுகிறது. ‘குறியீடு’ என்று மொழிபெயர்த்திருக்கும் ‘கோட்’ (code) என்ற ஆங்கிலச் சொல் ரிமோட் விஷயத்தில் இரண்டு வேறு பொருள்களைக் குறிக்கும். ஒன்று, கதிர் மினுக்கும் வடிவம். பெரும்பாலான ரிமோட்டுகளில் கதிர் நொடிக்கு 38,000 தடவை துடிக்கும். ஜப்பானின் என்ஈசி கம்பெனி வகுத்த முறையில் முதலில் 9 மில்லி நொடி துடிப்பு, பிறகு 4.5 மில்லி நொடி அமைதி, அதன்பின் 32 பிட்டுகளில், அதாவது 0, 1 என்ற இலக்கங்களில், கருவியின் முகவரியும் கட்டளையும். பிலிப்ஸின் ஆர்சி-5 முறையில் 36,000 துடிப்பு, 14 பிட்டு. கம்பெனிக்குக் கம்பெனி இப்படி மாறுவதால்தான் பொது ரிமோட்டே தேவைப்படுகிறது. மற்றொன்று, தாளின் பின்பக்கத்தில் கம்பெனி பெயருக்கு நேரே அச்சிட்டிருக்கும் மூன்று அல்லது நான்கு இலக்க எண். அது ரிமோட்டின் நினைவகத்திலுள்ள பட்டியலில் ஓர் இடத்தைக் காட்டுகிறது, அவ்வளவுதான். முதலாவதைக் ‘கதிர்க்குறி’ என்றும் இரண்டாவதை ‘அமைவு எண்’ என்றும் எழுதினால் குழப்பம் தீர்ந்தது. இரண்டையும் குறியீடு என்றால் எதை அழுத்துவது, எங்கே பார்ப்பது?

நிரல் என்றால் வரிசை, ஒழுங்கு. நிரலாக்கம் கணினிக்குக் கட்டளைத் தொடர் எழுதுகிறவரின் வேலை. ரிமோட் வாங்கினவர் எதையும் எழுதுவதில்லை. ஒன்று, அமைவு எண்ணைக் கொடுக்கிறார். இல்லையென்றால் பழைய ரிமோட்டிலிருந்து பதிக்கிறார். செட்டாப் பாக்ஸ் ரிமோட்டுகள் பலவற்றில் இதைப் பார்க்கலாம். டிவிக்கான செட் பொத்தானை விளக்கு நிலையாக எரியும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். இரண்டு ரிமோட்டையும் மேசைமேல் மூக்கோடு மூக்கு, இரண்டு விரல் இடைவெளியில் வைக்க வேண்டும். புதியதில் எந்தப் பொத்தானில் பதிய வேண்டுமோ அதை ஒருக்கா அமுக்கிவிட்டு, பழையதில் அதே வேலைக்கான பொத்தானை அமுக்கினால் விளக்கு சிமிட்டும். பதிந்துவிட்டது. கடைகளில் இதைக் ‘காப்பி பண்றது’ என்கிறார்கள். எழுத்துக்குப் ‘பதித்தல்’ பொருத்தமாக இருக்கும். ‘பதிஞ்சிருச்சுங்களா?’ என்று பேச்சிலும் தானாக வரும்.

எண் கொடுத்தல், பதித்தல் என்று பிரித்துச் சொல்லாததால் ஏசி வாங்கினவர்கள்தான் எச்சாகத் திண்டாடுகிறார்கள். டிவி ரிமோட்டில் ஒரு பொத்தானுக்கு ஒரு கட்டளை. ஏசி ரிமோட் பெரும்பாலும் அப்படியில்லை. எந்தப் பொத்தானை அமுக்கினாலும் வெப்பநிலை, விசிறி வேகம், குளிர்விக்கும் முறை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே குறியாக அனுப்பும். 24 டிகிரியில் வைத்து அதைப் பதித்தால் அந்தப் பொத்தான் எப்போதும் 24 டிகிரியைத்தான் அனுப்பும், ஒவ்வொரு டிகிரியாகக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. பொது ஏசி ரிமோட்டின் தாளில் ‘நிரலாக்கம் செய்யவும்’ என்பதை அடித்துவிட்டு, ‘உங்கள் ஏசி கம்பெனிக்குரிய அமைவு எண்ணைக் கொடுங்கள், பழைய ரிமோட்டிலிருந்து பதிக்க வேண்டாம்’ என்று அச்சிட வேண்டும்.